பென்சிலில் எழுதிய ஓம்

இதை வாசிக்கிறவர்கள் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் கடையில் மீனின் பெயரும் விலையும்தான். எந்த இடத்தில் எந்த 'ர' வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். கத்தி பிடித்துப் பழகிய கைக்குப் பேனை பிடிபடவில்லை, எழுத்துகள் கோட்டைவிட்டு இறங்கிப்போகின்றன. ஆனால் அந்த அக்காவைப்பற்றி வேறு ஒருவரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுதவில்லை. அவர் விரும்பமாட்டார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நான் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவன். முதல்நாள் நானும் கூச்சத்தில் அப்படியே கூப்பிட்டுவிட்டேன்.

"நீங்கள் என்னை அக்கா எண்டால் நான் உங்களை என்னெண்டு கூப்பிடுறது? தம்பியெண்டோ?" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"சரி, நான் அண்ணை எண்டுறன். நீங்கள் அக்கா எண்டுங்கோ. இரண்டு பேரும் மூத்த ஆக்களாய் இருப்பம்."

லண்டனில் அவருடைய கந்தோர், அதாவது அலுவலகம், ஸ்ட்ரெதத்தில், பெரிய றோட்டில், மெத்தை விற்கிற கடைக்கு மேலே இருந்தது. மூன்றே அறைகள். அரசாங்கக் கந்தோர்தான், ஆனால் அரசாங்கத்தின் ஆட்களையே கண்காணிக்கிற கந்தோர். விசா இல்லாதவர்களைப் பிடித்து வைத்திருக்கிற தடுப்பு முகாம்களிலும், அவர்களை விமானத்துக்குக் கொண்டுபோகிற வான் வண்டிகளிலும் அநியாயம் ஏதும் நடந்தால் அங்கே முறைப்பாடு கொடுக்கலாம். அவர்கள் போய் விசாரித்து முடிவு எழுதுவார்கள். அக்கா அங்கே தமிழ் ஆட்களின் பைல்களைப் பார்த்தார். சட்டம் படித்தவர் அல்ல. ஜேர்மனியில் வயோதிபர் மடத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். மத்தியானத்தில் கறுப்பு ஜேர்மன் பாண் ரொட்டிக்குள் கட்டைச் சம்பல் வைத்துச் சாப்பிடுவார். ஒருநாள் எனக்கும் ஒரு துண்டு தந்தார். பாண் புளித்தது, சம்பல் உறைத்தது. நல்லாயிருக்கு என்றேன். "பொய்," என்று சொல்லிவிட்டு மற்றத் துண்டைத் தானே சாப்பிட்டார்.

நான் அங்கே போனது என் தம்பிக்காக. எனக்கு விசா கிடைத்தது, தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவனைப் பிடித்து முகாமில் வைத்திருந்தார்கள். ஒருமுறை விமானத்தில் ஏற்றக் கொண்டுபோனபோது அவன் ஏறமாட்டேன் என்று படியில் இருந்துவிட்டான். கூடப்போன காவல்காரர்கள் வலது கையைப் பின்னால் முறுக்கினார்கள். அன்று விமானி ஏற்றமாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். முகாமுக்கு வந்த பிறகுதான் மணிக்கட்டு எலும்பு முறிந்தது தெரியவந்தது.

அன்று அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு நல்ல ஞாபகம்.

"தம்பியை அங்கை நல்லாய்ப் பாக்கினமோ?"

"ஓம்."

"டொக்ரர் வந்து பாத்தவரோ?"

"ஓம், ஓம்."

அவர் ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதிக்கொண்டார். பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்டார். குட்மேய்ஸில் மீன் வெட்டுகிறேன் என்றேன். விளைமீனுக்கும் பாரைக்கும் செதில் எப்படி வித்தியாசம் என்று கேட்டார். அதற்கு நான் நீட்டாகப் பதில் சொன்னேன். வாய் திறந்த நேரத்தில், "டொக்ரர் எண்டைக்கு வந்தவர், அண்ணை?" என்றார். ஆறாம் நாள் என்றேன். அதையும் பென்சிலால் எழுதினார். இன்னும் கொஞ்சம் கழித்து மூன்றாம் தரம் கேட்டார். அப்போதுதான், வந்தது டொக்ரர் இல்லை, நேர்ஸ் என்றும், ஆறு நாளும் தம்பி முறிந்த கையைத் துவாயால் கட்டிக்கொண்டு படுத்திருந்தான் என்றும் சொன்னேன். அக்கா மேசை லாச்சியைத் திறந்து பேனையை எடுத்தார். பென்சிலில் எழுதியதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே மையால் எழுதினார்.

அதுதான் அவருடைய முறை. எங்கள் ஆட்கள் யார் வந்தாலும் ஒரே கேள்வியை மூன்று தரம், மூன்று விதமாய்க் கேட்பார். "முதல் ஓம் மரியாதைக்கு, இரண்டாவது பயத்துக்கு. மூண்டாந்தரம் சொல்லுறதுதான் எனக்கு வேணும்," என்பார். வெள்ளைக்காரர் ஒருதரம் கேட்டு ஒருதரம் எழுதிப் பழகினவர்கள், எங்கள் ஆட்களோ அதிகாரிக்கு முன்னால் இல்லை என்று சொல்லப் பழகாதவர்கள், இந்த இரண்டு பழக்கத்துக்கும் நடுவிலேதான் தன் சம்பளம் வருகிறது என்று சிரிப்பார்.

தம்பியைப் பார்க்க அக்கா என்னோடு முகாமுக்கு வந்த அன்றும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு காவல்காரர் நின்றார். தம்பி எதைக் கேட்டாலும் "ஓகே, ஓகே, தாங்யூ" என்றான். அக்கா மறுபடி கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கற் பெட்டியை எடுத்து, "இதை ஒருக்கால் உடைச்சுத் தாரும்," என்று கொடுத்தார். தம்பி இடது கையால் பிடித்து, பல்லால் கடித்துத் திறந்தான். அக்கா அதை எழுதினார். காவல்காரருக்கும் ஒரு பிஸ்கற் நீட்டினார்.

அவர் எங்கள் பக்கம் என்று நினைத்து வந்து ஏமாந்துபோனவர்களும் உண்டு. ஒருநாள் நான் வெளியே கதிரையில் இருக்கிறேன், உள்ளே ஒருவர் சத்தம் போடுகிறார்.

"அடிச்சவன் எண்டு எழுதுங்கோ!"

"முதல் தள்ளினவன் எண்டனீங்கள்."

"தள்ளுறதும் அடிக்கிறதும் ஒண்டுதானே. நீங்கள் ஆற்றை பக்கம்?"

"தள்ளினதை நான் அடிச்சது எண்டு எழுதினால், பிறகு அடிச்சதை அடிச்சது எண்டு எழுதேக்கை ஆர் நம்புவினம்?"

அந்த மனிதர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். அடுத்த கிழமை திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார்.

அக்காவிடம் ஆறுதல் வார்த்தையும் கிடைக்காது. தம்பியை ஏற்றமாட்டார்கள்தானே என்று நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் 'ஓம், பயப்பிடாதேங்கோ' என்றிருப்பார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இந்த விசாரணை முடியுமட்டும் ஏத்தமாட்டம் எண்டு கடிதம் தந்திருக்கினம். முடிஞ்சபிறகு எனக்குத் தெரியாது." எனக்கு அது கோபமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தின் பிரதியைச் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

அந்த வருடம் 2009. வைகாசியில் ஊரில் எல்லாம் முடிந்துபோனது. சண்டை முடிந்தது, இனி ஆட்களைத் திருப்பி அனுப்பலாம் என்ற கதை இங்கே அடிபடத் தொடங்கிய நேரத்தில், அக்காவின் கந்தோரை மூடப்போவதாக அறிவித்தல் வந்தது. செலவு கூடவாம். முறைப்பாடு செய்ய ஒரு போன் நம்பர் போதுமாம். கந்தோர் மூடினால் முடியாத விசாரணைகள் எல்லாம் பெட்டியில் கட்டப்படும். தம்பிக்குக் கொடுத்த கடிதத்துக்கும் பிறகு மதிப்பில்லை.

மூடுவதற்கு முன்னால் அங்கே வந்துபோகிற ஆட்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று சட்டமாம். மனோர் பார்க்கில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நாங்கள் பன்னிரண்டு தமிழர் போனோம். கந்தோரில் வேலை செய்கிறவர்கள் வரக்கூடாது என்று அக்காவை மறித்துவிட்டார்கள். வந்த அதிகாரி தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா. முகத்தில் அவ்வளவு அன்பு. தானே வீட்டில் செய்த கேக்கை வெட்டி ஒவ்வொருவருக்கும் தன் கையாலே தந்தார். மொழிபெயர்க்க ஆள் வரவில்லை, மேசையில் வைத்த போனிலிருந்து இந்தியத் தமிழில் ஒரு குரல் கேட்டது.

"இந்த ஆபீஸை மூடிட்டா, போன் மூலமா உங்க புகாரைச் சொல்ல உங்களால முடியுமா?"

அந்த அம்மா எங்கள் முகத்தை ஆவலாய்ப் பார்த்தார். எங்கள் வாய்க்குள் கேக். முன்வரிசையில் இருந்தவர் தலையை ஆட்டினார். அடுத்தவர் ஆட்டினார். நானும் ஓம் என்றேன்.

"இந்த மாற்றத்தில உங்களுக்குத் திருப்தியா?"

"ஓம், ஓம்."

ஒரு தாள் சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்து வைத்தோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. வெளியே வந்ததும் பக்கத்தில் நடந்த பெரியவர் சொன்னார்: "நல்ல மனிசி, பாவம். ஏன் மனம் நோகப்பண்ணுவான்."

அடுத்தநாள் அக்காவிடம் இதைச் சொன்னபோது பாணைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாருமோ ஓம் எண்டனீங்கள்?"

"எல்லாரும்தான்."

"கேக் நல்லாய் இருந்ததோ?"

"ஓம்."

"உண்மையாய்?"

"கொஞ்சம் காய்ஞ்சிருந்தது, அக்கா."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு மிச்சப் பாணைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

கந்தோரை மூடுவதை எதிர்த்து ஒரு சட்டத்தரணி மேல்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். இன்னும் இரண்டு பேரோடு தம்பியின் பெயரிலும் வழக்கு. கருத்துக் கேட்டதே முறையாக நடக்கவில்லை என்பதுதான் வாதம். மேலதிகாரிகள் வேண்டாம் என்று எழுத்தில் எச்சரித்தும் அக்கா சாட்சிக் கடிதம் கொடுத்தார். தன் கொப்பிப் பக்கங்களைப் பெயர்களை மறைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தார். மேலே பென்சிலில் 'ஓம்', கீழே மையில் 'இல்லை'. பக்கம் பக்கமாய் அப்படி. எங்கள் ஆட்களின் முதல் ஓமை வைத்து ஒன்றும் மூடக்கூடாது என்று எழுதினாராம்.

சட்டத்தரணி அது போதாது என்றார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது வந்து, 'அன்று மரியாதைக்குத்தான் ஓம் என்றேன், உண்மையில் எனக்குச் சம்மதம் இல்லை' என்று எழுதித் தந்தால் நீதவானுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும்.

அக்கா வேலை முடிந்து பஸ் ஏறி மற்றப் பதினொரு வீட்டுக்கும் போனார். எல்லோரும் தேத்தண்ணி கொடுத்தார்கள். மூன்றாம் தரம் கேட்டபோது எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். ஆனால் சட்டத்தரணியிடம் வந்து அதை எழுதிக் கையெழுத்துப் போட ஒருவரும் தயார் இல்லை. "ஒருக்கால் போட்ட கையெழுத்தை மாத்தினால் எங்களைத்தான் பிடிப்பினம், பிள்ளை," என்றாராம் அந்தப் பெரியவர்.

கடைசியாக என் அறைக்கு வந்தார். களைத்துப்போயிருந்தார். கதிரையில்கூட இருக்கவில்லை.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்கு ஓல்ட்கேற்றிலை சட்டத்தரணியின்ரை கந்தோருக்கு வர ஏலுமோ? நான் வாசலிலை நிப்பன்."

"ஓம் அக்கா. வாறன்."

அவர் சரி என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் அன்று அவர் ஒருதரம்தான் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை.

அக்கா பன்னிரண்டரை மணிவரை வாசலில் நின்றதாகப் பிறகு அறிந்தேன். எல்லாவற்றையும் மூன்று தரம் கேட்கிற மனிசி, ஏன் வரவில்லை என்று என்னிடம் ஒருதரமும் கேட்கவில்லை. வழக்கு நடந்த நாள்களில் எனக்கு ஒரு போன்கூட எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வழக்குத் தோற்றது தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முகாமிலிருந்து போன் எடுத்தான்.

"பன்னிரண்டு பேரும் ஓம் எண்டு கையெழுத்து வைச்சிருக்கினம் எண்டு நீதவான் வாசிச்சவராம். ஒருத்தரும் பிறகு வந்து இல்லையெண்டு சொல்லேல்லையாம். அக்கா குடுத்த கொப்பி வேறை வேறை ஆக்களைப் பற்றினதாம், இந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றினது இல்லையாம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மூண்டாவது பேர் உன்ரையாம், அண்ணை."



"ஏன் போகேல்லை எண்டு உன்னட்டைக் கேக்கமாட்டன். கேட்டால் நீ ஏதோ ஒண்டு சொல்லுவாய்," என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் என்னுடன் கதைத்தது அதுதான் கடைசி.

கந்தோரை ஒரு வெள்ளிக்கிழமை மூடினார்கள். தம்பியின் விசாரணையில் இன்னும் ஒரே ஒரு காவல்காரரைத்தான் விசாரிக்க இருந்ததாம். பைல் மற்றப் பைல்களோடு பெட்டிக்குள் போனது.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு அக்கா கடைக்கு வந்தார். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, மீன் பக்கம் நல்ல சனம். அவர் வெள்ளியில் மீன் மச்சம் தொடாதவர். ஆனாலும் கியூவில் நின்றார். எனக்கு அவரைக் கண்டதுமே விளங்கிவிட்டது. விளங்கினாலும் முன்னால் நின்றவர்களுக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கை தன்பாட்டில் வெட்டியது. அவருடைய முறை வந்தது.

"தம்பியைக் காலமை ஏத்திப்போட்டினம், அண்ணை. சட்டத்தரணி இப்பதான் சொன்னவ. நீங்கள் போனிலை கேக்கக்கூடாது எண்டு வந்தனான்."

கத்தியைப் பலகையில் வைத்தேன்.

"நான் அண்டைக்கு வந்திருந்தால் மறிச்சிருக்கலாமோ, அக்கா?"

"எனக்குத் தெரியாது, அண்ணை."

"ஒராள் சொன்னால் நீதவான் கேட்டிருப்பாரோ?"

"தெரியாது."

பின்னால் நின்ற பெண் ஒருவர் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். நான் இன்னொருதரம் கேட்டேன். இல்லை, நீங்கள் வந்திருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு பொய்யைச் சொன்னால் நான் அதை வைத்துக்கொண்டு சீவித்திருப்பேன். அவருக்கும் அது தெரியும். முகத்தில் தெரிந்தது.

"தெரியாது, அண்ணை," என்றார். 

கியூவில் நின்றுவிட்டு வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டவர்போல், முன்னால் கிடந்த மீனில் ஒன்றைக் காட்டினார். நான் செதில் எடுத்து, வெட்டிக் கழுவிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு இரண்டு மூன்று தரம் போன் எடுத்தார். திரையில் அவருடைய நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. கந்தோருக்குப் பதிலாக வந்த போன் சேவையில் அவருக்கு வேலை கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சாட்சி சொன்னதாலோ, ஆள் தேவையில்லாததாலோ, தெரியாது. ஜேர்மனிக்கே திரும்பிப் போனதாக யாரோ சொன்னார்கள். இப்போது அந்த நம்பர் வேலை செய்வதில்லை.

தம்பியைக் கொழும்பில் இறங்கியதும் கொண்டுபோனார்கள். மூன்று கிழமை ஒரு தகவலும் இல்லை. பிறகு விட்டார்கள். அந்த மூன்று கிழமையைப் பற்றி அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் கலியாணம் செய்து இருக்கிறான். நான் போன் எடுத்தால் கதைக்க வரமாட்டான். அவன் மகள் கதைப்பாள், பன்னிரண்டு வயது. போன மாதம் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள்.

"பெரியப்பா, அப்பா ஒண்டு கேக்கச் சொன்னவர். அண்டைக்கு ஏன் போகேல்லையாம்?"

பக்கத்தில் ஒரு கதிரை அசைகிற சத்தம் கேட்டது. அவன் அங்கேதான் இருந்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்கிறான்.

"பஸ் பிந்திப்போச்சுது, அம்மா," என்றேன்.

"சரி பெரியப்பா," என்றாள். அவளுக்கு அக்காவைப்போல் மறுபடி கேட்கத் தெரியாது.

பஸ் பிந்தவில்லை. ஒன்பது மணிக்கு முன்பே வந்தது. நான் ஏறினேன், மேல்தட்டில் முன்சீற்றில் இருந்தேன். பொக்கற்றில் என் விசாக் கடிதம் இருந்தது. கையெழுத்தை மாற்றிச் சொன்னால் நீ அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவன் என்று அதைப் பறித்துவிடுவார்களோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தம்பிக்குக் கொடுத்த கடிதத்தை அன்று நான் கொண்டுவரவில்லை, வீட்டில் வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். பாதி வழியில், ஸ்ட்ராட்பேர்டில் இறங்கினேன். றோட்டைக் கடந்து, வந்த வழியே போகிற பஸ்ஸில் ஏறினேன். பத்து மணிக்கு அக்கா அந்த வாசலில் நிற்கும்போது, நான் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தேன்.

மனோர் பார்க்,
2024 பங்குனி 13